எல்.கே.ஜி. வாசலில் கேட்ட கேள்விகள்: சின்னப் பிள்ளைகளின் மனசும் வகுப்பறையும்

இருபது வருடமாக எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளில் இருக்கிறேன். ஜூன் பிறந்தால் பள்ளி வாசலில் பெற்றோர் கேட்பதும், புதிதாகச் சேர்ந்த ஆசிரியைகள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கேட்பதும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்கள்தான். அவர்கள் கேட்ட வாக்கிலேயே கேள்விகளை வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன். எளிய கேள்விகள் முதலில் வரும். என் தூக்கத்தைக் கெடுத்தவை கடைசியில் இருக்கின்றன.

மூணு வயசுல ஏபிசிடி, அ ஆ இ ஈ கத்துக்க வேண்டாமா மிஸ்? உணர்வு வளர்ச்சி, சமூக வளர்ச்சின்னு சொல்றீங்களே, அது என்ன?

நாலு வயதுக் குழந்தை ஒன்று கட்டைகளை அடுக்கிக் கோபுரம் கட்டுகிறது. பக்கத்துக் குழந்தையின் கை பட்டுக் கோபுரம் சரிகிறது. இப்போது அந்தக் குழந்தை அடிக்க ஓங்கிய கையை இறக்க வேண்டும். வேண்டுமென்றே தள்ளினானா, தெரியாமல் பட்டதா என்று யோசிக்க வேண்டும். அழுகை வந்தால் அழுதுவிட்டு மறுபடி கட்ட உட்கார வேண்டும். இத்தனையும் கற்றுக்கொள்ள வேண்டிய திறமைகள். எழுத்தைப் போலவே இவையும் தானாக வருவதில்லை. யாராவது கூடவே இருந்து திரும்பத் திரும்பக் காட்டித்தர வேண்டும்.

இதற்கும் எழுத்துக்கும் போட்டி கிடையாது. பயந்து உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் காதில் 'அ' ஏறாது. 2020 தேசியக் கல்விக் கொள்கையின் மொழிப் பகுதியைத் தமிழ்நாடு ஏற்கவில்லை, அது வேறு பேச்சு. ஆனால் 3 முதல் 8 வயது வரை ஒரே அடிப்படைக் கட்டம் என்று அது சொல்வதும், அந்த வயதுக்காக 2022-இல் வந்த கலைத்திட்டம் உணர்வு வளர்ச்சியைத் தனி இலக்காக வைத்திருப்பதும் சரியான விஷயங்கள். நம்மூர் அங்கன்வாடிகளின் பாடத்திட்டத்துக்கு 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா' என்றுதான் பெயர்.

ஸ்கூல் திறந்த வாரம் பூரா அழுகை. கேட்டைச் சாத்திட்டா அரை மணி நேரத்துல அடங்கிடுதே, அது போதாதா?

அழுகை இரண்டு விதமாக நிற்கும். இங்கே இருக்கும் ஒருவர் மேல் நம்பிக்கை வந்து நிற்பது ஒரு விதம். அழுது பிரயோஜனம் இல்லை என்று விட்டுவிடுவது இன்னொரு விதம். தள்ளி நின்று பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். அழுகை நின்ற பிறகு பிள்ளை என்ன செய்கிறது என்று கவனியுங்கள். பொம்மையை எடுக்கிறதா? உங்கள் முகத்தைப் பார்க்கிறதா? டிபன் பாக்ஸைத் திறக்கிறதா? பையை மடியில் அணைத்துக்கொண்டு வாசலையே பார்த்திருந்தால் அது அடங்கவில்லை, ஏங்கிப் போயிருக்கிறது. நம் பாட்டிமார் சொல்லும் 'ஏக்கம்' என்ற சொல்லுக்கு இணையான சொல்லை நான் எந்தப் பயிற்சிப் புத்தகத்திலும் பார்த்ததில்லை.

பயம் வந்தால் குழந்தை பொதுவாக 'யாரோ ஒருவரை' தேடாது, தனக்கென்று ஓர் ஆளைத் தேடும். அந்த ஆள் இருக்கும் தைரியத்தில்தான் தள்ளிப் போய் விளையாடும். பிரிட்டனைச் சேர்ந்த ஜான் பௌல்பியும் அவரோடு வேலை செய்த மேரி ஐன்ஸ்வொர்த்தும் இதைத்தான் வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தார்கள். அதனால் முதல் இரண்டு வாரம் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரே ஆள் என்று பிரித்துக்கொள்ளுங்கள். இந்தப் பத்துப் பேரை வாசலில் வாங்கிக்கொள்வது நான், அந்தப் பத்துப் பேரை ஆயாம்மா. முடிந்தால் முதல் சில நாட்கள் ஒரு மணி நேரத்தில் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தைக் கூட்டலாம். அம்மாவின் கைக்குட்டையோ பழைய துப்பட்டாத் துண்டோ பையில் இருக்கட்டும். அதை மோந்து பார்த்தே சமாதானமான பிள்ளைகள் உண்டு.

அவ விளையாடிட்டு இருக்கும்போது சொல்லாம நைசா போயிடலாமா?

வேண்டாம். அன்றைக்கு அழுகை குறையும், ஆனால் மறுநாள் முதல் அம்மாவை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டாள். 'கொஞ்சம் அசந்தால் காணாமல் போவார்கள்' என்பதுதான் அவளுக்குக் கிடைத்த பாடம். சொல்லிவிட்டே போங்கள். '12 மணிக்கு வருவேன்' என்றால் புரியாது. 'நீ சாப்பிட்டு, கதை கேட்டு முடிச்சதும் அம்மா வருவேன்' என்றால் புரியும். சொன்னபடி வந்துவிடுங்கள். டாட்டா சொன்ன பிறகு ஜன்னலில் எட்டிப் பார்க்க வேண்டாம்.

இவ்வளவு சின்னப் பிள்ளைங்களுக்கு டைம் டேபிள் எதுக்கு?

மணி பார்க்கத் தெரியாதவர்களுக்குத்தான் அது அதிகம் தேவை. அடுத்து என்ன வரும் என்று தெரிந்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும். செருப்பு அடுக்குவது, பாட்டு, விளையாட்டு, கை கழுவுவது, சாப்பாடு, கதை, தூக்கம், வீடு என்று எட்டுப் படம் வரைந்து பிள்ளைகளின் கண் உயரத்தில் சுவரில் ஒட்டுங்கள். முடிந்ததைக் காட்ட ஒரு துணிக் கிளிப் போதும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது தினமும் அதே பாட்டைப் பாடுங்கள். சண்டையும் கடியும் பெரும்பாலும் சும்மா வரிசையில் நிற்கும் நேரத்தில்தான் நடக்கின்றன. காத்திருக்கும் நேரத்தைக் குறைத்தாலே பாதிப் பஞ்சாயத்து குறைந்துவிடும்.

'ஷேர் பண்ணு, ஷேர் பண்ணு'ன்னு எத்தனை தடவை சொன்னாலும் தர மாட்டேங்குறான். சுயநலமா வளர்ந்துடுவானோ?

மாட்டான். மூன்று வயதில் பக்கத்தில் உட்கார்ந்து தனித்தனியாக விளையாடுவது இயல்பு, சேர்ந்து விளையாடுவது அதற்குப் பிறகு மெல்ல வரும். அடுத்தவர் மனதில் நம் நினைப்பிலிருந்து வேறான ஒரு நினைப்பு இருக்கும் என்பதே சுமார் நாலு வயதில்தான் பிடிபடத் தொடங்குகிறது. கையில் இருப்பதைப் பிடுங்கி இன்னொருவனிடம் கொடுத்துவிட்டு அதைப் 'பகிர்தல்' என்கிறோம். பலம் உள்ளவர் பிடுங்கலாம் என்பதைத்தான் அவன் அதில் கற்கிறான்.

'முறை' என்பது அவனுக்குப் புரியும். 'இப்போ அவன் முறை, முடிச்சதும் உன் முறை. வர்ற வரைக்கும் நான் உன்கூட நிக்கிறேன்' என்று சொல்லி நிஜமாகவே கூட நில்லுங்கள். மூன்று வயது வகுப்பில் எல்லோருக்கும் பிடித்த சாமான் ஒன்றுக்கு இரண்டாக இருக்கட்டும். வீட்டிலிருந்து கொண்டுவந்த சொந்தப் பொம்மையை யாருக்கும் கொடுக்கச் சொல்லாதீர்கள்.

அழுதா 'ஆம்பளப் பிள்ளை அழலாமா'ன்னு கேட்டா உடனே நிறுத்திடுறான். அதுல என்ன தப்பு?

வெளியே வரும் அழுகைதான் நிற்கிறது, துக்கம் உள்ளேயே இருக்கிறது. கொஞ்ச நாளில் அது அடியாகவோ உதையாகவோ வரும். அழுகையைத் தவிர வேறு எதுவும் காட்டத் தெரியாத வயதில் அதையும் பூட்டிவிட்டால் அவனிடம் மிஞ்சுவது கோபம் ஒன்றுதான்.

உணர்வுக்குப் பெயர் கொடுங்கள். நம் பேச்சில் இதற்குச் சொற்கள் ஏராளம். பயம், கோபம், வெட்கம், கூச்சம், ஏக்கம், பொறாமை, கடுப்பு, ஏமாற்றம் எல்லாமே அன்றாடம் நாம் பேசுபவை. ஆனால் பிள்ளைகளிடம் மட்டும் 'ஹேப்பி', 'சேட்' என்று இரண்டு முகப்படம் ஒட்டி முடித்துவிடுகிறோம். 'தம்பிப் பாப்பாவையே அம்மா தூக்கி வச்சுக்கிறாங்கன்னு உனக்குப் பொறாமையா இருக்கா?' என்று என் வகுப்பில் ஒரு பெண் குழந்தையிடம் கேட்டேன். 'ஆமா. நிறைய' என்றாள். அது கெட்ட விஷயம் என்று நான் சொல்லவில்லை. அன்று முழுக்க அவள் யாரையும் கிள்ளவில்லை.

தரையில விழுந்து புரண்டு அடம் பிடிக்கிறான். கண்டுக்காம விட்டா சரியாயிடும்னு சொல்றாங்களே?

அடத்துக்கு இணங்க வேண்டாம் என்பது சரி. ஆனால் பிள்ளையை விட்டு விலகவும் வேண்டாம். ஆத்திரத்தை அடக்கும் வேலையைச் செய்யும் மூளையின் முன்பகுதி முழுதாக வளர்ந்து முடிய இருபது வயதுக்கும் மேல் ஆகும். நாலு வயதில் தன்னைத் தானே அமைதிப்படுத்திக்கொள்ள முடியாதவன் பக்கத்தில் இருப்பவரிடமிருந்துதான் அமைதியைக் கடன் வாங்குகிறான். நம்மிடம் அந்த நேரத்தில் அது இருக்க வேண்டும், முழு வேலையும் அதுதான்.

அவன் உயரத்துக்குக் கீழே உட்காருங்கள். குரலைத் தாழ்த்துங்கள். தலை மோதும் இடத்தில் எதுவும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் புத்தி சொன்னால் எதுவும் உள்ளே போகாது. 'கோபமா இருக்க. நான் இங்கதான் இருக்கேன்' என்பது போதும். மூச்சு சீரான பிறகு தண்ணீர் கொடுத்துவிட்டுப் பேசலாம். 'இல்லை' என்று முதலில் சொன்னதை மாற்ற வேண்டியதில்லை.

வகுப்புலயே உச்சா போயிட்டா மத்தப் பிள்ளைங்க 'ஷேம் ஷேம்'னு பாடுறாங்க. எப்படி நிறுத்துறது?

அந்தப் பாட்டைப் பிள்ளைகள் பெரியவர்களிடம்தான் கற்றார்கள், அதனால் முதலில் நாம் நிறுத்த வேண்டும். 'தண்ணி கொட்டுச்சு, துடைச்சிடலாம்' என்கிற அதே குரலில் இதையும் சொல்லுங்கள். மாற்று உடுப்பு எல்லோருடைய பையிலும் இருக்கட்டும். நன்றாகப் பழகிய பிள்ளை திடீரென்று தினமும் நனைக்க ஆரம்பித்தால் கடைசிக்கு முந்தைய பதிலைப் படியுங்கள்.

ஒருத்தன் கடிக்கிறான். கடிபட்ட பிள்ளையோட அம்மா சண்டைக்கு வர்றாங்க. என்ன செய்ய?

முதலில் கடிபட்ட பிள்ளையிடம் போங்கள். சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவி, ஈரத்துணி வையுங்கள். கடித்தவனிடம் ஒரே வரி: 'கடிச்சா வலிக்கும். கடிக்க விடமாட்டேன்.' 'நீயும் திருப்பிக் கடி, அப்பத்தான் தெரியும்' என்று சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கடிக்கலாம் என்று இரண்டு பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்ததாகத்தான் அது முடியும்.

பிறகு ஒரு நோட்டில் குறிக்க ஆரம்பியுங்கள். எத்தனை மணிக்கு, எங்கே, அதற்கு முன் என்ன நடந்தது? ஒரு வருடம் என் வகுப்பில் நடந்த கடிகள் எல்லாமே பதினொன்றரை மணி வாக்கில், கை கழுவும் வரிசையில். பசி, நெருக்கம், காத்திருப்பு மூன்றும் அங்கே சேர்ந்திருந்தன. அவனைத் தட்டு எடுத்து வைக்கும் வேலைக்கு மாற்றினேன். ஒரு வாரத்தில் கடிப்பது நின்றது.

கடிபட்ட பிள்ளையின் அம்மாவிடம் நடந்ததை அன்றே, அவர் காயத்தைப் பார்ப்பதற்கு முன்பே, நீங்களே சொல்லிவிடுங்கள். கடித்தது யார் என்று பெயர் சொல்லாதீர்கள். 'என் பொறுப்பில் இருக்கும்போது நடந்தது, நான் இன்ன இன்ன மாற்றுகிறேன்' என்றால் பெரும்பாலோர் தணிந்துவிடுவார்கள்.

'சாரி சொல்லு'ன்னு சொல்ல வைக்கலாமா?

வாயால் சொல்ல வைக்கலாம், ஆனால் மனதில் அது இருக்காது. 'சாரி' சொல்லிவிட்டு உடனே மறுபடி அடிக்கும் பிள்ளைகளை எல்லா ஆசிரியைகளும் பார்த்திருப்பார்கள். சொல்லுக்குப் பதில் ஒரு செயல் கேளுங்கள். 'அவன் அழறான் பாரு. என்ன செஞ்சா அவனுக்குச் சரியாகும்?' தண்ணீர் கொண்டு வருவான், சரிந்த கோபுரத்தைக் கட்ட உதவுவான், சில சமயம் தன் பிஸ்கட்டை நீட்டுவான்.

பிள்ளைகளிடமே இதற்கு ஒரு வழக்கம் இருக்கிறது. விரல் நீட்டிக் காய் விடுவார்கள், அப்புறம் பழம் விடுவார்கள். யாரும் தீர்ப்பு சொல்லாமல், யாரும் தோற்காமல் உறவு திரும்பி வருகிறது. காய் விட்ட இருவரை உடனே சேர்த்துவைக்க நான் ஓடுவதில்லை. சாப்பாட்டு நேரத்துக்குள் பெரும்பாலும் பழம் ஆகிவிடும். மூன்று பேர் சேர்ந்து ஒருத்தியிடம் காய் விட்டால் மட்டும் நான் உள்ளே போவேன். அது சண்டையல்ல, ஒதுக்கிவைப்பது.

நாங்கெல்லாம் அடி வாங்கித்தான் வளர்ந்தோம். 'கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க'ன்னு நானே சொல்றேன். லேசா ஒரு தட்டு கூடவா கூடாது?

கூடாது. கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 17-ஆம் பிரிவு பள்ளியில் உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. அந்தச் சட்டம் 6 வயதிலிருந்துதானே என்று கேட்பவர்கள் உண்டு. தன் பொறுப்பில் இருக்கும் 18 வயதுக்குட்பட்ட எந்தக் குழந்தையையும் தாக்கித் தேவையற்ற வேதனை தருவது 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின் 75-ஆம் பிரிவில் குற்றம். பெற்றோர் அனுமதி கொடுத்தாலும் ஆசிரியருக்கு அந்த உரிமை வந்துவிடாது.

சட்டத்தை விடுங்கள். அமைதியைக் கடன் வாங்குகிறான் என்று அடம் பற்றிய பதிலில் சொன்னேன். அடிக்கும் கையிடமிருந்து எந்தப் பிள்ளை அமைதியை வாங்கும்? பயந்து நிறுத்துவான், நீங்கள் திரும்பியதும் தொடர்வான். 'ஐந்தில் வளையாதது' என்று பழமொழி சொல்வார்கள். வளைப்பவர் கொம்பை ஒடித்துவிடுவதில்லையே. பூச்சாண்டி, போலீஸ், ஊசி என்று மிரட்டுவதும் இதே கணக்கில்தான் வரும். நாளைக்கு வழி தவறி நிற்கும் பிள்ளை ஒரு காவலரிடம் உதவி கேட்டுப் போக வேண்டாமா?

கையில ஸ்டார் போட்டா, ஸ்டிக்கர் குடுத்தா சொன்ன பேச்சு கேக்குறாங்களே?

கொஞ்ச நாளைக்குக் கேட்பார்கள். 1973-இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டில் நர்சரிப் பிள்ளைகளை வைத்து ஓர் ஆய்வு வந்தது. படம் வரைவதில் ஆசை உள்ள பிள்ளைகளில் சிலரிடம் 'வரைந்தால் சான்றிதழ் தருவோம்' என்று முன்கூட்டியே சொல்லி வரைய வைத்தார்கள். ஓரிரு வாரம் கழித்துப் பார்த்தபோது, மற்றவர்கள் வரைந்ததில் ஏறக்குறைய பாதி நேரம்தான் அவர்கள் வரைந்தார்கள். ஆசையாகச் செய்ததைக் கூலி வேலையாக மாற்றியாயிற்று. ஸ்டார் இல்லாத கையோடு வீட்டுக்குப் போகும் பிள்ளையையும் நினைக்க வேண்டும்.

பார்த்ததைச் சொல்லுங்கள், அது போதும். 'அவ கீழே விழுந்ததும் நீ ஓடிப் போய்த் தூக்கின. நான் பார்த்தேன்.' 'குட் பாய்' என்பதைவிட இதில் அவனுக்கு அதிகம் கிடைக்கிறது.

வீட்டுல வாயாடி, வகுப்புல வாயே திறக்க மாட்டேங்குறா. என்ன பண்ணலாம்?

பேசு பேசு என்று கேட்காதீர்கள். மற்றவர்கள் முன் 'இவ பேச மாட்டா' என்றும் சொல்லாதீர்கள், அதுவே அவளுக்குப் பெயராகிவிடும். தலையாட்டினால், விரல் காட்டினால் அதையே பதிலாக ஏற்றுக்கொள்ளுங்கள். ஒரு தோழியோடு மட்டும் சின்ன வேலை கொடுங்கள். பல பிள்ளைகள் முதலில் பாட்டில்தான் வாய் திறப்பார்கள், கூட்டக் குரலில் தன் குரல் தனியாகத் தெரியாது என்ற தைரியம். மாதக்கணக்கில் வீட்டில் மட்டும் பேசி வெளியே ஒரு சொல்லும் வரவில்லை என்றால் குழந்தை மனநல மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். பிடிவாதம் என்று நினைத்துவிடாதீர்கள், அது ஒருவகைப் பயம்.

வீட்டு மொழி வேறாக இருக்கும் பிள்ளையின் மௌனம் இன்னொரு விஷயம். திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு வேலைக்கு வந்த ஒடிசா, பீகார் குடும்பங்களின் பிள்ளைகள் பல மாதம் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு ஒரு நாள் பேச ஆரம்பிப்பார்கள். அவர்களின் அம்மாவிடம் 'தண்ணீர், வலிக்குது, பாத்ரூம், அம்மா வருவாங்க' என்ற நாலையும் அவர்கள் மொழியில் கேட்டுச் சுவரில் எழுதி வையுங்கள். வகுப்பு முழுக்கச் சொல்லிப் பழகட்டும்.

என் வகுப்புல முப்பது பேர், ஆயாம்மா ஒருத்தர். இதெல்லாம் நடக்கிற காரியமா?

எல்லாம் நடக்காது. முப்பது பேருக்கும் தினமும் தனி நேரம் தர யாராலும் முடியாது. ஆனால் காலையில் வாசலில் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு முகம் பார்க்க ஐந்து நிமிடம் போதும். நாளுக்கு ஐந்து பிள்ளைகள் என்று பட்டியல் வைத்துக்கொண்டு, அன்று அந்த ஐந்து பேரோடு இரண்டு நிமிடமாவது பேசுங்கள். ஆறு நாளில் எல்லோரும் வந்துவிடுவார்கள். அமைதியாக இருக்கும் பிள்ளைகள் தப்பிப்போகாமல் இருக்க இந்தப் பட்டியல்தான் எனக்கு உதவியது.

மிச்சத்தை விளையாட்டு பார்த்துக்கொள்ளும். குலை குலையா முந்திரிக்காவில் துணி தன் பின்னால் விழுந்ததா என்று ஆவலை அடக்கி உட்கார வேண்டும், பிடிபட்டால் தோல்வியைத் தாங்க வேண்டும். 'ஸ்டேச்சு' என்றதும் ஓடும் உடம்பை நிறுத்த வேண்டும். முப்பது பேரும் ஒரே நேரத்தில் தன்னடக்கம் பழக இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. யு.கே.ஜி.க்கு இது பொருந்தும். சின்ன வகுப்பில் அவுட் ஆக்காமல் விளையாடுங்கள்.

இது வயசுக் கோளாறா, இல்ல கவலைப்பட வேண்டியதா? எப்படித் தெரியும்?

பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாதது, வேண்டியதை விரல் நீட்டிக் காட்டாதது, பேசிய சொற்கள் மறைந்துபோவது, மற்றப் பிள்ளைகள் இருப்பதையே பல மாதம் கவனிக்காதது ஆகியவற்றைப் பார்த்தால் காத்திருக்க வேண்டாம். 'ஆம்பளப் பிள்ளை லேட்டாத்தான் பேசும்' என்ற பேச்சில் ஒரு வருடம் வீணாகிவிடும். தேசிய சிறார் நலத் திட்ட மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வருடம் இருமுறையும், அரசுப் பள்ளிக்கு ஒருமுறையும் வரும். அவர்களிடம் காட்டினால் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். பெற்றோரிடம் நோயின் பெயரைச் சொல்வது நம் வேலை அல்ல. பார்த்ததை மட்டும் தேதியோடு சொல்லுங்கள்.

இன்னொன்று, திடீர் மாற்றம். சிரித்த பிள்ளை ஒடுங்குவது, நனைக்க ஆரம்பிப்பது, ஒரு குறிப்பிட்ட ஆளைக் கண்டால் நடுங்குவது, வயதுக்கு மீறிய உடல் விளையாட்டு. தாத்தா இறந்திருக்கலாம், வீட்டில் சண்டை இருக்கலாம், தீங்கு நடந்திருக்கலாம். பிள்ளை ஏதாவது சொன்னால் குறுக்கிடாமல் கேளுங்கள். 'நீ சொன்னது நல்லது, உன் மேல தப்பில்லை' என்று சொல்லுங்கள். துருவித் துருவிக் கேட்காதீர்கள். சொன்ன சொற்களை அப்படியே எழுதி வையுங்கள். 1098 குழந்தைகளுக்கான இலவச உதவி எண், எந்த நேரமும் அழைக்கலாம். பாலியல் தீங்கு என்ற சந்தேகம் வந்தாலே போலீசில் தெரிவிப்பது 2012 போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி கட்டாயம். பள்ளிப் பெயர் கெட்டுவிடும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

எனக்கே கோபம் வந்து கத்திடுறேன் மிஸ். அப்புறம் ராத்திரி தூக்கம் வரல.

நானும் கத்தியிருக்கிறேன். ஒரு மழை நாள், வெளியே விட முடியவில்லை, பெயின்ட் டப்பா கவிழ்ந்தது, கத்திவிட்டேன். வகுப்பே உறைந்துபோனது. மறுநாள் காலை பாட்டுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து சொன்னேன்: 'நேத்து மிஸ் ரொம்பச் சத்தம் போட்டுட்டேன். உங்களுக்குப் பயமா இருந்திருக்கும். அது என் தப்பு.' கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒருவன் வந்து பழம் விட்டான். பெரியவர்களும் தப்பு செய்து சரிசெய்வார்கள் என்று பிள்ளைகள் பார்ப்பது நல்லது. அதை வாராவாரம் செய்ய நேர்ந்தால் சுமை அதிகம் என்று பொருள். தலைமை ஆசிரியரிடம் பேசுங்கள்.

கொடுக்க அமைதி நம்மிடம் தீர்ந்துபோகும் நாட்கள் வரும். அதற்காக ஆயாம்மாவும் நானும் ஒரு வார்த்தை பேசி வைத்திருக்கிறோம். 'அக்கா, பீரோ சாவி எங்கே?' என்று நான் கேட்டால், அவர் கையில் இருப்பதை அப்படியே வைத்துவிட்டு வந்து பிள்ளைகளோடு பாட்டு ஆரம்பித்துவிடுவார். நான் வராண்டாவுக்குப் போய் ஒரு டம்ளர் தண்ணீரை மெதுவாகக் குடித்துவிட்டு வருவேன். அவர் கேட்டால் நான் வருவேன்.